ஞாயிற்றுக்கிழமை சாகாத கோழிகள்

ஒரு குறை கண்ணில் பட்டுவிட்டால் அதைச் சொல்லியே தீரவேண்டுமா? படித்தவர்கள் இந்தக் கேள்வியைப் பலவிதமாகக் கேட்டுப் பலவிதமாகப் பதிலும் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களில் யாரும் ஒரு நாளைக்கு அறுநூறு சட்டைகளைப் புரட்டிப் பார்த்தவர்கள் அல்ல. அவள் பதினாறு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேள்வியை ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. அவளுடைய வாழ்க்கைதான் அதைக் கேட்டது, அதுவும் கோழிகளை அனுப்பிக் கேட்டது.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கடைசி மேசை அவளுடையது. தைத்து, பித்தான் வைத்து, இஸ்திரிக்குப் போகும் முன் ஒவ்வொரு சட்டையும் அவள் கையில் ஒரு நிமிடம் தங்கும். காலரில் தொடங்குவாள். காலர், தோள், கை, கைப்பட்டி, பித்தான் வரிசை, பக்கத் தையல், கீழ்மடிப்பு. வரிசை மாறாது. நூல் பிசிறோ, ஊசி ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, ஒற்றைத் தையல் விட்டுப்போன இடமோ, எதுவானாலும் அங்கே ஒரு சிவப்பு ஸ்டிக்கர். கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு வைத்த பேர் பூதக்கண்ணாடி. "பூதக்கண்ணாடி கையில சிக்குனா சட்டையும் தப்பாது, தச்சவளும் தப்பமாட்டா" என்பார்கள். அதில் அவளுக்குப் பெருமை இருந்ததா என்றால், இல்லை. சாயங்காலம் கழுத்துவலி இருந்தது.

வீடு ஒரே மாதிரியான பன்னிரண்டு வீடுகள் கொண்ட வரிசையில் ஏழாவது. இரண்டு அறை, ஒரு சமையலறை, நாலு படி இறங்கினால் கொல்லைப்புறம். புருஷன் தூரத்து லோடு அடிக்கும் லாரி டிரைவர். பத்து நாளைக்கு ஒருதரம் வருவான், குளிப்பான், தூங்குவான், போவான். பிள்ளை இல்லை. ஏன் இல்லை என்று கேட்பவர்களும் கேட்டுக் கேட்டுச் சலித்து நின்றுபோயிருந்தார்கள். மீதி இருந்தது மாமனார். முப்பத்திரண்டு வருடம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பராக இருந்தவர். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதுவதே பிழைப்பாக இருந்தவர், இப்போது வருவதும் போவதும் இல்லாமல் பின்னறைச் சன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தார். இதயம் பலவீனம். சுவரைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை வரை போவார், அவ்வளவுதான்.

காலை ஏழு பத்துக்கு அவர் உள்ளங்கையில் மூன்று மாத்திரைகளை வைப்பாள். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அதில் ஒன்றைத் தனியாக எடுத்துக் காட்டியிருந்தார். குறுக்கே கோடு போட்ட சின்ன வெள்ளை மாத்திரை. "இது ஒரு நாளும் தவறக்கூடாதும்மா. ஒண்ணு கூடவும் கூடாது. அளவா இருந்தா இதயத்தை ஓட்டும், அளவு மீறினா அதுவே நிறுத்திடும்" என்றார். அவள் தலையாட்டினாள். அளவு, வரிசை, தவறாமை இவையெல்லாம் அவளுக்குப் புதிதல்ல.

"மாமா, மாத்திரை."

"உன் வண்டி எத்தனை மணிக்கு?"

"ஏழு இருவது."

"அவன் ஏழு இருவத்தஞ்சுக்குத்தான் எடுப்பான். என் காலத்துல இருந்திருந்தா அவனுக்குத் தினமும் ஒரு மெமோ. நீ கிளம்பு, நான் போட்டுக்கறேன்."

அவள் கிளம்பிவிடுவாள். நிற்க நேரம் இருந்ததில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு அவரைப் பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு டியூஷன் அக்கா. சாயங்காலம் ஆனால் இருபது பிள்ளைகளை உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும் குரல் அது. தெருவுக்கே கேட்கும். பகலில் சும்மா இருப்பவள் என்பதால் வீட்டுச் சாவி ஒன்று அவளிடம் இருந்தது. பன்னிரண்டரைக்குத் திறந்து, சோற்றைப் போட்டுக் கொடுத்து, கிழவரோடு பத்து நிமிடம் சண்டையும் போட்டுவிட்டுப் போவாள். அதற்குக் கூலி என்று எதுவும் கிடையாது. தினமும் ஒரு முட்டை, அது கூட அவளாக வாங்கிக்கொள்வதில்லை, மதில்மேல் வைத்துவிட்டு வரவேண்டும்.

அந்த முட்டைகள் வந்தது பதினாலு கோழிகளிடமிருந்து. கூட வேலை பார்த்த ஒருத்தி ஊரைவிட்டுப் போகும்போது கொடுத்த இரண்டு, மூன்று வருடத்தில் பதினாலு ஆகியிருந்தன. இரைச்சலும் அழுக்கும்தான், இருந்தாலும் அந்த வீட்டில் அவளிடம் 'ஏன் லேட்டு' என்று கேட்காத உயிர்கள் அவை மட்டும்தான். தவிட்டைப் பிசைந்து வைத்தால் தின்றன. முட்டை இட்டன. மற்றவை மேய, தான் மேயாமல் பின்னாலேயே சுற்றிச் சுற்றிக் கொத்திக்கொண்டிருந்த ஒரு பெட்டைக்குச் சூப்பர்வைசர் என்று பேர் வைத்திருந்தாள். வால் முளைக்காத ஒன்று மொட்டைவால்.

முதலில் செத்தது மொட்டைவால்தான். வேலையிலிருந்து வந்து பார்த்தால் கூண்டுக்கும் துவைகல்லுக்கும் நடுவில் கால் நீட்டிக் கிடந்தது. காலையில் நன்றாகத் தின்ற கோழி. கோழி சாவது உலக அதிசயமா என்று புதைத்துவிட்டாள். நாலு நாள் கழித்து இன்னொன்று. அடுத்த வாரம் இரண்டு.

அப்போதுதான் உட்கார்ந்து பார்த்தாள். கொண்டை, கண், அலகு, கழுத்து, இறக்கைக்கு அடி, வயிறு, கால். வரிசையாக, சட்டையைப் பார்ப்பதுபோல. கொண்டை கொஞ்சம் நீலம் பாரித்திருந்தது. மற்றபடி காயம் இல்லை, கழிச்சல் இல்லை, மூக்கில் சளி இல்லை, உடம்பு இளைக்கவும் இல்லை. ஸ்டிக்கர் ஒட்ட இடமே இல்லாத சாவு. பதினாறு வருடத்தில் அவளுக்கு இப்படி ஒன்று வந்ததில்லை. எரிச்சலாக இருந்தது.

தண்ணீர்த் தட்டைத் தேய்த்துக் கழுவினாள். தவிடு வாங்கும் கடையை மாற்றினாள். கூண்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாள். சொட்டு மருந்து வாங்கி ஒவ்வொன்றாகப் பிடித்து வாயில் விட்டாள். வேலையும் வீடும் போக மிச்சமிருந்த கொஞ்ச நேரமும் இதில் போயிற்று. ஆறாவது கோழி போன அன்று, உடம்பு சூடு ஆறுவதற்குள் பையில் போட்டுக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். மூடப்போகிற நேரம். டாக்டர் அவளைவிட அசதியாக இருந்தார்.

அறுத்துப் பார்த்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டே, "ஒண்ணுமில்லம்மா" என்றார்.

"ஒண்ணுமில்லன்னா எப்படி சார் செத்துச்சு?"

"இதயம் நின்னுபோச்சு."

"எதனால?"

"கடைசியில எல்லாருக்கும் அதுதாம்மா நிக்குது. குடல் நல்லாருக்கு, ஈரல் நல்லாருக்கு. வேணும்னா ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அங்கிருந்து பதில் வர்றதுக்குள்ள உன் மிச்ச கோழியும் போயிடும்." துண்டில் கையைத் துடைத்தார். "யாராவது எதையாவது வெக்கறாங்களா பாரு."

இந்தக் கடைசி வார்த்தையை அவர் போகிற போக்கில் சொன்னார். அவளோடு வீடு வரை வந்தது அந்த வார்த்தைதான்.

போனில் புருஷன், வழக்கம்போல முதலில் "அப்பாவுக்கு மாத்திரை குடுத்தியா?" என்றான். குடுத்தேன் என்றாள். கோழி விஷயத்தைச் சொன்னதும், "மிச்சத்தையாவது உசுரோட இருக்கும்போதே அறுத்துச் சாப்பிடு. இல்லாத தலைவலிய வெலை குடுத்து வாங்கினவ மாதிரி ஏன் இந்தப் பாடு?" என்றான். அவன் பக்கம் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

மாமனார்தான் உண்மையாக வருத்தப்பட்டார். "இன்னைக்கும் ஒண்ணா?" என்று கேட்பார். "எது?" சூப்பர்வைசர் போன அன்று, "அடப்பாவமே, அது நல்லா சத்தம் போடுமே" என்றார். அவர் கால் பாதங்கள் அப்போது வீங்கத் தொடங்கியிருந்தன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, மெல்லத்தான் நிரம்பியது. வயசு என்று நினைத்தாள். தைலம் தடவிவிட்டாள். அறுநூறு சட்டையில் ஒரு நூல் பிசிறைப் பிடிக்கும் கண்ணுக்கு, வீட்டுக்குள் இருந்த வீக்கம் வெறும் வீக்கமாகவே பட்டது. கண் தேடுவதைத்தான் காணும். அவள் அப்போது கோழிகளின் குறையைத் தேடிக்கொண்டிருந்தாள்.

தேடினவளுக்கு ஒன்று அகப்பட்டது. காலண்டரில் கோழி செத்த நாட்களையெல்லாம் வட்டம் போட்டாள். எட்டு வட்டம். ஒன்று கூட ஞாயிற்றுக்கிழமையில் விழவில்லை. தொழிற்சாலை விடுமுறை விட்ட இரண்டு நாட்களிலும் விழவில்லை. அவள் வீட்டில் இருந்தால் கோழி சாகவில்லை. அவள் இல்லாதபோது அந்தக் கொல்லைக்கு வந்து போகிறவள் ஒருத்திதான். அந்த ஒருத்தியின் கீரைப் பாத்தியைத்தான் இந்தக் கோழிகள் மூன்று முறை கிளறி நாசம் செய்திருந்தன. "உன் கோழிங்க என் கீரையில பரீட்சை எழுதுதுங்கடீ, ஒரு நாள் மருந்து வெச்சு எல்லாத்தையும் பாஸ் பண்ணிவிடறேன் பாரு" என்று சொல்லிச் சிரித்ததும் அவள்தான்.

கணக்கு சரியாக வந்தது. சரியாக வரும் கணக்கைப் போல ஆளைக் கெடுப்பது வேறில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், மதிலுக்கு இந்தப் பக்கமிருந்து, குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். "அக்கா, கோழிக்கு எதாவது வெச்சீங்களா?"

அந்தப் பக்கம் இருபது பிள்ளைகளின் வாய்ப்பாடு நின்றது.

"என்ன கேட்ட?"

"நான் இருக்கற நாள்ல ஒண்ணும் சாகல. இல்லாத நாள்லதான் சாகுது. வேற யாரு வர்றா இங்க?"

"ஓகோ. அப்ப நான்தான் கொலகாரி." டியூஷன் அக்கா மதிலருகே வந்தாள். கையில் பிரம்பு இருந்தது. அதைக் கீழே போட்டாள். "ஏன்டீ, ரெண்டு வருசமா உன் மாமனாருக்குச் சோறு போட்டனே, அதுல வெக்கத் தெரியாதா எனக்கு? உன் கோழியத் தேடிப் போயா வெப்பேன்?"

"நான் அப்படிச் சொல்லல..."

"சொல்லிட்ட. சட்டையில குறை பாக்கறவளுக்கு மனுசங்கள்லயும் குறை இருந்தே ஆகணும். இந்தா." இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை அவிழ்த்து ஒற்றைச் சாவியை மட்டும் உருவி மதில்மேல் வைத்தாள், முட்டை வைக்கும் இடத்தில். "திங்கக்கெழமையிலேந்து நீயே வந்து சோறு போடு. பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்துப் பாத்துப் போடு."

திங்கட்கிழமை முதல் அவள் ஓடினாள். தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரம் அரைமணி. பேருந்தில் போக மட்டுமே இருபத்தைந்து நிமிடம். முதல் நாள் நாற்பது நிமிடம் தாமதம், மறுநாள் ஐம்பது. மேசையில் சட்டைகள் மலையாகக் குவிந்தன. புதன்கிழமை சோற்றை டப்பாவில் வைத்துக் கட்டிலருகே வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் டப்பா தரையில் கவிழ்ந்து கிடந்தது. அவர் பசியோடு தூங்கியிருந்தார். அதற்கடுத்த வாரம் தொழிற்சாலை சூப்பர்வைசர் அவளைக் கூப்பிட்டுக் கத்தவெல்லாம் இல்லை. "அக்கா, உங்க இடத்துக்கு மூணு பேர் கேட்டுட்டிருக்காங்க. இந்த மாசம் முடியறதுக்குள்ள வீட்ட சரி பண்ணிக்கோங்க" என்று மட்டும் சொன்னான். கத்தியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வேலை போனால் கிழவரோடும் அந்த நாலு சுவரோடும் இருக்கவேண்டியதுதான். லாரி கொண்டுவருவது லாரிக்கே போதாது.

கோழிகள் அதன்பிறகும் செத்தன. இதில்தான் அவள் இடறினாள். டியூஷன் அக்கா கொல்லைப் பக்கம் தலைவைத்துப் பார்ப்பதுகூட இல்லை, ஆனாலும் ஒரு செவ்வாய்க்கிழமை ஒன்று, வெள்ளிக்கிழமை ஒன்று. பதினாலு நாலு ஆயிற்று. கணக்கு தப்பு என்று தெரிந்தது. ஆனால் தப்பான கணக்கை அழிக்கவும் அவளுக்குத் தெம்பு இல்லை. மதிலைத் தாண்டிப் போய் என்ன சொல்வது? நீங்க இல்ல என்றா? பின்ன யாரு என்று கேட்டால்?

அடுத்த திங்கட்கிழமை காலை மாத்திரை கொடுத்துவிட்டுப் பேருந்து நிறுத்தம் வரை போனபிறகுதான் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். அடையாள அட்டை இல்லை. அது இல்லாமல் கேட்டில் விடமாட்டார்கள். துவைத்த துணியோடு கொல்லைக் கொடியில் தொங்கும். முன்வாசலைச் சுற்றிக்கொண்டு போக அலுத்து, பின்பக்கப் படல் வழியாக உள்ளே நுழைந்தாள்.

கோழிகள் நாலும் தவிட்டுத் தட்டில் இல்லை. அவள் வைத்த தவிடு அப்படியே இருந்தது. நாலும் பின்னறைச் சன்னலுக்குக் கீழே, சுவரை ஒட்டி, வரிசையாக நின்றன. தலையை ஒருபக்கமாகச் சாய்த்து மேலே பார்த்தன. டியூஷனில் மணி அடிக்கக் காத்திருக்கும் பிள்ளைகள்தான் அப்படி நிற்கும்.

அவளும் நின்றாள். எதற்காக நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு நிமிடம் போயிருக்கும். சன்னல் கம்பிகளுக்கு நடுவிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. மணிக்கட்டில் எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கை விரிந்தது. மூன்று சின்ன வில்லைகள் விழுந்தன. கோழிகள் பாய்ந்தன.

அவள் ஓடிப்போய் விரட்டினாள். செருப்பைக் கழற்றி எறிந்தாள். மஞ்சள் ஒன்றும் வெள்ளை ஒன்றும் மண்ணில் கிடைத்தன. மூன்றாவதைச் சிவப்புப் பெட்டை விழுங்கிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல மதிலோரம் போய் மண்ணைக் கிளறியது. கையிலிருந்த வெள்ளை மாத்திரையைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் பார்த்தாள். குறுக்கே கோடு.

அளவு மீறினா அதுவே நிறுத்திடும். ஒரு கோழிக்கு எத்தனை, எத்தனை நாள் சேர்ந்து, எது முந்திக் கொத்தியதோ அது. எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் கட்டிலிலேயே உட்கார்ந்து துணி மடிப்பாள். அவள் பார்த்துக்கொண்டிருக்க அவர் விழுங்கியாக வேண்டும். மற்ற ஆறு நாளும் அவளுக்கு ஏழு இருபது வண்டி. ஆறு நாளும் மருந்து உள்ளே போகாமல் வீங்கிய அந்தப் பாதங்கள்.

படியேறி உள்ளே போனாள். அவர் காலடிச் சத்தத்தைக் கேட்டுத் தலையைத் திருப்பினார்.

"வண்டிய விட்டுட்டியா?"

"அட்டைய மறந்துட்டேன்."

"முப்பத்திரெண்டு வருசத்துல, கிளம்பின வண்டி திரும்பி வந்து நான் பாத்ததில்ல" என்றார். சிரிக்கப் பார்த்தார். அப்போது அவள் உள்ளங்கையைத் திறந்தாள்.

அவர் அதைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார். ஏன் என்று அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்திருக்கலாம். அவள் கேட்டது வேறு.

"கீழ கோழி மேயும்னு தெரியாதா மாமா?"

அவருக்கு இது புரிய நேரம் பிடித்தது. புரிந்தபோது அவர் முகம் மாறியதை அவள் பார்த்தாள். மாத்திரை பிடிபட்டதற்கு மாறாத முகம் இதற்கு மாறியது.

"அதுங்களா?" என்றார். "எல்லாமா?"

"பத்து."

"அந்தச் சத்தம் போடறது?"

"அதுவும்தான்."

"எனக்கு இங்கேர்ந்து தரை தெரியாதும்மா." கையைத் தூக்கிச் சன்னலைக் காட்டினார். "படுத்தா வெறும் ஆகாசம்தான். மண்ணுல விழுந்து கரைஞ்சிடும்னு நெனச்சேன். யாருக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு." பிறகு, "பாவம், அந்த டியூஷன்காரி. வெறும் வாய்ச்சவடால்தான் அவ. நான் சொல்லிடறேன் அவகிட்ட. கூப்பிடு" என்றார்.

"வேணாம்."

"என்னால உனக்கு வேலை போயிடும்."

"வேணாம்னா விடுங்க மாமா."

புருஷன் காதுக்கு இது போனால் என்ன நடக்கும் என்று இருவருக்கும் தெரியும். அவன் லாரியை நடுவழியில் போட்டுவிட்டு ஓடிவருவான். அழுவான், அவளைத் திட்டுவான், அப்பாவைத் தூக்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவான். போனதடவை அங்கே பதினெட்டு நாள் இருந்தார். மூக்கில் குழாய், கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டி. அவன் கெட்டவனல்ல. அப்பாவைப் போகவிட மனமில்லாத பிள்ளை. அவன் போனில் முதலில் கேட்கும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். வெளியே பேருந்து ஒன்று திருப்பத்தில் ஹாரன் அடித்தது.

"ஏழு நாப்பது" என்றார் அவர். "ரெண்டு நிமிசம் லேட்டு."

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. பத்துமணி வாக்கில் மதிலருகே போய், "அக்கா" என்று கூப்பிட்டாள். இரண்டாவது முறையும் கூப்பிட்டபிறகுதான் டியூஷன் அக்கா வந்தாள். வந்தவள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றாள்.

"நீங்க இல்லக்கா."

"அது எனக்குத் தெரியும். உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"இன்னைக்குத்தான்."

"பின்ன யாரு?"

அவள் நேராகப் பார்த்தே சொன்னாள். "நான்தான். சமையக்கட்டுல எலிமருந்து உருட்டி வெச்சுட்டு அந்தக் கையாலயே தவுடு பெசஞ்சிருக்கேன். காலையில அவசரத்துல கையக் கழுவல."

"ரெண்டு மாசமா?"

"ரெண்டு மாசமா."

"ஞாயித்துக்கெழமை மட்டும் கழுவினியா?"

"ஞாயித்துக்கெழமை அவசரமில்லையேக்கா. கழுவிட்டுத்தான் செய்வேன்."

டியூஷன் அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பொய்யா நிஜமா என்று ஆராய்ந்ததாகத் தெரியவில்லை. தண்டனைக்கு ஆள் கிடைத்த திருப்திதான் மெல்ல அந்த முகத்தில் வந்தது. பிறகு ஆரம்பித்தாள். தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் கேட்டது. "கையக் கழுவத் தெரியாதவளுக்குக் கோழி ஒரு கேடா? ஊர்ல உள்ளவ சட்டையில கறை பாப்பாளாம், தன் கையில வெசம் இருக்கறது தெரியாதாம். அந்தக் கையாலதானே அந்த மனுசனுக்குச் சோறு பெசஞ்ச? அவரு தப்பிச்சதே தெய்வச்செயல். என்னையப் போய்க் கேட்டியே, என்னைய..." இடையில் கொஞ்சம் அழுதாள். இவள் மதிலைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் வாங்கிக்கொண்டாள். நடுவில் ஒருதரம் கொட்டாவி வந்தது. அதை அடக்கிக்கொண்டாள்.

முடிந்ததும் டியூஷன் அக்கா கையை நீட்டினாள். "சாவியக் குடு. மணி பத்தரை ஆச்சு. அந்தாளுக்கு என்ன வெச்சிருக்க?"

இந்தக் கதை தொழிற்சாலை வரை போயிற்று. அடுத்த வாரமே கடைசி மேசையில் "பூதக்கண்ணாடி, கையக் கழுவினியா?" என்ற கேலி தொடங்கி, அவள் அங்கே வேலை பார்த்த காலம் முழுக்க ஓடியது. கழுவினேன் என்பாள். புருஷன் வந்தபோது அவனும் ஒரு பாட்டம் திட்டினான். இனிமேல் எலிமருந்தை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்றான். அந்த வீட்டில் எலிமருந்து எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும். வீட்டில் இருந்தால்தானே.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலமே அவனிடமிருந்து போன் வந்திருந்தது.

"அப்பாவுக்கு மாத்திரை குடுத்தியா?"

கட்டிலில் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கவில்லை.

"குடுத்தேன்" என்றாள்.

"தவறாம குடு. டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்கு."

அந்தப் பக்கம் அவன் எதையோ சாப்பிட்டுக்கொண்டே லோடு ஏற்ற மூன்று நாள் காத்திருந்ததைச் சொன்னான். அவள் ம் கொட்டினாள். சொல்வதற்கு வாய்ப்பு ஒன்றல்ல, நாலைந்து தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் பேச்சு நிற்கும், அவள் மூச்சை இழுப்பாள், அவன் மறுபடி பேசுவான். கடைசியில், வைக்கட்டுமா என்று அவன்தான் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை கூண்டைப் பிரித்துக் கொல்லையின் அந்தக் கோடிக்கு, படல் ஓரத்துக்கு மாற்றினாள். சன்னல் பக்கத்துக்குக் கோழிகள் வராமல் கம்பிவலையை இழுத்துக் கட்டினாள். சிவப்புப் பெட்டை பிழைத்திருந்தது. வலைக்கு அந்தப் பக்கம் நின்று, பழக்கத்தை விடமுடியாமல், கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை ஏழு பத்துக்கு மூன்று மாத்திரைகளை அவர் உள்ளங்கையில் வைத்தாள். தண்ணீர் டம்ளரைப் பக்கத்தில் வைத்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவள் உட்காரவில்லை. சமையலறைக்குப் போய் ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்துவந்து, சன்னல் விளிம்பில், அவர் கை எட்டும் இடத்தில் வைத்தாள். அதில் ஒன்றும் இல்லை, மூன்று மாத்திரை கொள்ளும். அது எதற்கு என்று அவரும் கேட்கவில்லை. மத்தியானம் அதைப் பார்த்துவிட்டு டியூஷன் அக்கா கேட்டபோதும், அதற்குப் பல வருடங்கள் கழித்துப் புருஷன் ஒருமுறை கேட்டபோதும் அவள் பதில் சொல்லவில்லை. அன்றைக்குக் கிண்ணத்தை வைத்துவிட்டு, அது விழுந்துவிடாமல் கொஞ்சம் உட்பக்கமாகத் தள்ளிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.